காய்ச்ச மரத்தை பேத்து வேற இடத்துல வெக்கணுமா? மூணு மாசம் முன்னாடியே வேலைய ஆரம்பிங்க

எங்க வீடு கடலூர் செம்மண்டலம் பக்கம். வாசல்ல ஒரு எலுமிச்சை, பக்கவாட்டு சந்துல ஒரு கொய்யா, ரெண்டும் எங்க மாமனார் கையால வெச்சது. மாடிக்கு படி எடுக்கணும்னு முடிவானப்ப எலுமிச்சை வழியில நின்னுச்சு. மே மாசம், கத்திரி வெயில், ஜேசிபி வந்து நிக்குது, மணிக்கணக்குல வாடகை ஓடுது, டிரைவர் ஒரே அள்ளுல மரத்தை மண்ணோட தூக்கி அந்தப் பக்கம் தோண்டின குழியில எறக்கிட்டாரு, பாக்க மரம் அப்படியே பச்சையா நின்னுச்சு, எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நாலாம் நாள் இலை சுருள ஆரம்பிச்சுது. ரெண்டாவது வாரம் கிளைய நகத்தால சுரண்டிப் பாத்தா உள்ள பழுப்பு. பத்து வருஷமா காய்ச்சிட்டிருந்த மரம். மாமனார் யாரையும் ஒரு வார்த்த சொல்லல, பட்டுப்போச்சுன்னு தெரிஞ்ச பிறகும் ஒரு வாரம் தினம் சாயங்காலம் அதுக்கு தண்ணி ஊத்திட்டிருந்தாரு. அதைப் பாத்ததுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

கொய்யா நின்ன பக்கம் வேலை அடுத்த வருஷம்தான். அதனால அந்த மரத்தை அப்படி விடக்கூடாதுன்னு முடிவு பண்ணி, மரம் மாத்தி அனுபவம் இருக்கற தோட்டக்கார அண்ணன் ஒருத்தரை கூட வெச்சுக்கிட்டு நிதானமா செஞ்சோம். இப்ப அது கேப்பர் மலை பக்கம் எங்க சின்ன மனையில நல்லா நிக்குது. நாங்க செஞ்சது, எலுமிச்சையில செய்யத் தவறினது, பாகூர்ல எங்க அத்தை மரத்துக்கு செஞ்சது எல்லாத்தையும் சேத்து எழுதறேன்.

முதல்ல எலுமிச்சை ஏன் செத்துச்சுன்னு புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா மீதி எல்லாம் தானா வரும். தண்ணி குடிக்கறது நம்ம கண்ணுக்கு தெரியற தடி வேரு இல்லைங்க, தடி வேரு மரத்தை புடிச்சு நிக்க வெக்குது, வாங்கி வந்த தண்ணிய கடத்துது, அவ்வளவுதான். குடிக்கறது நுனியில நூல் மாதிரி, மயிர் மாதிரி இருக்குமே அந்த வேரு. காய்க்கற வயசு மரத்துக்கு அது பெரும்பாலும் கிளை விரிஞ்சிருக்கற அளவுக்கு வெளிய, அதையும் தாண்டி கூட போயிருக்கும். நாம தண்டுகிட்ட மண்ணை அள்ளினா தடி வேரு வரும், குடிக்கற வேரு அங்கயே நின்னுடும். மேல ஆயிரம் இலை தண்ணி கேக்குது, கீழ வாங்கிக் குடுக்க ஆளே இல்ல. அதனால பேக்கறதுக்கு முன்னாடியே, மரம் பழைய இடத்துல நிக்கும்போதே, தண்டுக்கு கிட்டக்க புது நூல் வேரு விட வெக்கணும். அதுக்கு நாள் ஆகும். மூணு மாசம்னு நான் சொல்றது இதைத்தான், ஆள் புடிக்க, வண்டி புடிக்க ஆகற நேரத்தை இல்ல.

எல்லா மரமும் இதுக்கு ஒத்துக்காது. கொய்யா, எலுமிச்சை, மாதுளை மூணும் தாங்கும். கொய்யா பெரும்பாலும் பதியன் செடிதான் வெப்போம், அதாவது தாய் மரத்து கிளையிலயே வேரு விட வெச்சு வெட்டி எடுத்த செடி, பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, வேரெல்லாம் மேலாகவே பரவும், அதனால மண்கட்டியோட எடுக்க வசதி. சப்போட்டா அஞ்சாறு வயசு வரைக்கும் முயற்சி பண்ணலாம், அது எல்லாத்தையும் மெதுவா செய்யற மரம், துளிர் வர நாலஞ்சு மாசம் கூட ஆகும், பொறுமை வேணும். ஒட்டு மா சின்ன வயசுல, அதாவது தண்டு நம்ம மணிக்கட்டு தடிமன் இருக்கற வரைக்கும் பரவால்ல. பலா, முந்திரி ரெண்டையும் தயவு செஞ்சு பேக்காதீங்க, ஆணிவேர அறுத்தா அதுங்க தாங்கறது ரொம்ப அபூர்வம். பண்ருட்டி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, பலாக்கன்னை கூட வேரு கலையாம பையோட எறக்கணும்னு அடிச்சு சொல்லுவாங்க. பப்பாளியும் வேணாம். முருங்கைக்கு பேக்கறதே தேவையில்ல, கையளவு தடிமன்ல ஒரு போத்து வெட்டி நட்டா அதுவே மரம்.

மரம் வாசல்ல நின்னாலும் அது ரோட்டு ஓரத்துலயோ பொறம்போக்குலயோ இருந்தா நம்ம இஷ்டத்துக்கு தொடக்கூடாது, அதிகாரிங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுதான் கை வெக்கணும்.

இன்னொண்ணு, எந்த மரமா இருந்தாலும் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு மூணு பதியன் கட்டிடுங்க. கொய்யா, எலுமிச்சை, மாதுளைக்கு பென்சில் தடிமன் கிளையில ஒரு இன்ச் அளவுக்கு பட்டைய சுத்தி எடுத்துட்டு, நனைச்சு பிழிஞ்ச தேங்கா நார்க்கழிவை வெச்சு பிளாஸ்டிக் ஷீட் சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினா போதும், மழை நாள்ல ஒண்ணரை ரெண்டு மாசத்துல வேரு வெளிய தெரியும். பெரிய மரம் பொழைக்கலைன்னாலும் அதே மரம், அதே ருசி கையில இருக்கும். எலுமிச்சைக்கு நாங்க இதை செய்யல. மா, பலாவுக்கு பதியன் சரியா வராது, குச்சி எடுத்துட்டுப்போய் நர்சரியில ஒட்டு கட்டித் தரச் சொல்லுங்க.

இப்ப அளவு. மண்கட்டி எவ்ளோ பெருசா எடுக்கணும்னு நிறைய பேரு கண்ணாலயே போட்டுடறாங்க, அது பெரும்பாலும் சின்னதா போயிடும். சுலபமான கணக்கு ஒண்ணு இருக்கு: தரையிலருந்து அரை அடி மேல தண்டை சுத்தி ஒரு கயிறு போட்டு அளங்க, அந்த நீளத்துக்கு மூணு மடங்கு எவ்ளோவோ அதுதான் மண்கட்டியோட குறுக்களவு, அதுக்கு மேல கொஞ்சம் போனாலும் நல்லதுதான். எங்க கொய்யாவுக்கு கயிறு 13 இன்ச் வந்துச்சு, மூணு மடங்கு 39 இன்ச், அதாவது மூணேகால் அடி அகலம். ஆழம் ரெண்டு அடி எடுத்தோம். ஒரு கன அடி ஈர மண்ணு 45, 50 கிலோ வரும், அப்ப கீழ கொஞ்சம் குறுகலா செதுக்கினாலும் மொத்தம் 500 கிலோவுக்கு மேல. இதை முன்னாடியே கணக்கு போட்டு வெச்சுக்கங்க, நாலு ஆள் வந்து தூக்கிடலாம்னு நம்பி கடைசி நாள்ல மரத்தை பாதியில சாய்ச்சு வெச்சுட்டு நிக்கக்கூடாது. தண்டு சுத்தளவு ஆறு இன்ச்சுக்குள்ள இருந்தா நாலு ஆள் கோணிய புடிச்சு தூக்கிடலாம், அதுக்கு மேல போனா மெஷின் வேணும்.

வேரு வெட்டு

மண்கட்டியோட வட்டத்தை சுண்ணாம்புத் தூள்ல போட்டுக்கங்க. அந்த வட்டத்தை நாலு கால் வட்டமா பிரிச்சு, எதிரெதிரா இருக்கற ரெண்டு கால் வட்டத்தை மட்டும் முதல்ல தோண்டணும். கோட்டுக்கு வெளிப்பக்கமா ஒரு அடி அகலம், ரெண்டு அடி ஆழம். மண்வெட்டியால வேரை பிய்க்கக்கூடாது, மண்ணை கடப்பாரையில இளக்கி கையால வாரி, தெரியற வேர கவாத்து கத்தரியாலயும் (கிளை வெட்டற கத்தரி), கட்டை விரலை விட தடியா இருக்கறத ரம்பத்தாலயும் சுத்தமா அறுக்கணும், ஏன்னா நார் நாரா பிஞ்ச வேரு அழுகும், சுத்தமா அறுத்த வேரோட வெட்டு வாய்கிட்டருந்துதான் புது நூல் வேரு கொத்தா கெளம்பும். அறுத்து முடிச்சதும் குழிய காய விடாம அன்னைக்கே மூடிடுங்க. எடுத்த மண்ணு ரெண்டு பங்கு, நல்லா மக்கின எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்குன்னு கலந்து போட்டோம். இந்த இளகின கலவையிலதான் புது வேரு ஓடும், அதனால இதுல கஞ்சத்தனம் வேணாம்.

அஞ்சாறு வாரம் கழிச்சு மீதி ரெண்டு கால் வட்டம், அதே மாதிரி. அப்பறம் இன்னொரு ஆறு எட்டு வாரம் சும்மா விடணும். இந்த மூணு மாசமும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை நல்லா தண்ணி விடணும், பாதி வேரு போன மரம் அது, வெயில்ல வாட விட்டா செஞ்ச வேலை வீண். காத்துல ஆடாம இருக்க ரெண்டாவது வெட்டு அன்னைக்கே ரெண்டு முட்டு குடுத்துடுங்க. ரெண்டாவது வெட்டு போட்டு ஆறு வாரம் ஆனதும் முதல்ல வெட்டின பக்கம் கையால லேசா மண்ணைக் கிளறிப் பாருங்க, வெள்ளையா நூல் நூலா வேரு தெரியணும். எங்களுக்கு தெரிஞ்சுது. அந்த வெள்ளை வேரைப் பாத்தப்ப மாமனார் மொகம் மாறினது இன்னும் ஞாபகம் இருக்கு, எதுவும் பேசல, மண்ணை திரும்ப மூடி தட்டிவிட்டு போனாரு.

எந்த மாசம்

இது நம்ம ஊருக்குன்னே யோசிக்க வேண்டிய விஷயம். நமக்கு பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு பருவமழை, கூடவே புயல். ஆனி ரெண்டாவது வாரத்துல முதல் வெட்டு, ஆடி பாதியில ரெண்டாவது வெட்டு, புரட்டாசி முதல் வாரத்துல பேத்து வெச்சா, மரம் நிமிர்ந்து நின்ன மூணு நாலு வாரத்துல மழை ஆரம்பிக்கும், தண்ணிக்கு நாம ஓட வேணாம். செம்மண்ணு, மணல் இருக்கற இடத்துக்கு கொண்டு போறதா இருந்தா இதுதான் சரி. கேப்பர் மலை செம்மண்ணுல நாங்க இப்படித்தான் வெச்சோம்.

ஆனா புது இடம் களிமண்ணா இருந்தா, பாகூர் பக்கம், தென்பெண்ணை, கெடிலம் ஓரம் வண்டல் நிலம்னா, மழைக்கு முன்னாடி வெக்காதீங்க. களிமண்ணுல தோண்டின குழி தொட்டி மாதிரி, மழைத்தண்ணி எறங்கி எங்கயும் போகாது, அறுத்த வேரு அதுலயே ஊறி அழுகும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரை கடந்தப்ப அங்க ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, அதுக்கப்பறம் தென்பெண்ணையில வந்த வெள்ளம் வேற. அந்த மாதிரி வருஷத்துல புதுசா வெச்ச மரம் களிமண்ணுல தாங்காது. அங்கெல்லாம் ஆனி ஆடியில வேரு வெட்டிட்டு, மரத்தை முட்டு குடுத்து பழைய இடத்துலயே மழை முழுக்க நிக்க வெச்சு, தை பொறந்து நிலம் காலு புதையாத பதத்துக்கு வந்ததும் பேக்கலாம். வேரு இன்னும் அடர்த்தியா விட்டிருக்கும். ஆனா அடுத்து வர்ற கோடை முழுக்க தண்ணிக்கு நீங்க பொறுப்பு. பங்குனியிலருந்து ஆனி வரைக்கும் மட்டும் எந்த காரணத்துக்காகவும் மரத்தை பேக்காதீங்க, மேஸ்திரி அவசரப்படுத்தினா கூட.

மேல எவ்ளோ வெட்டணும்

நிறைய பேரு கிளையெல்லாம் அறுத்து மொட்டையடிச்சு ஒரு தடி மாதிரி கொண்டு போறாங்க. தண்ணி செலவு குறையும்னு அவங்க சொல்றதுல ஒரு பாதி உண்மை இருக்கு, இலை குறைஞ்சா வேரு மேல பாரம் குறையும். ஆனா புது வேரு விட சாப்பாடு இலையிலருந்துதான் போகணும், வேரைத் தூண்டற சத்தும் துளிர் நுனியிலதான் ஊறுது. இலையே இல்லைன்னா மரம் தண்டுல சேத்து வெச்சத தின்னு துளிர் விட்டு, அந்த துளிரும் கருகிட்டா அப்பறம் எதுவும் மிச்சம் இருக்காது. மூணுல ஒரு பங்கு எடுத்தா போதும். கொய்யா மட்டும் கொஞ்சம் கூட தாங்கும், நாங்க பாதிக்கு கொஞ்சம் கம்மியா எடுத்தோம்.

எதை எடுக்கணும்னா, முதல்ல காஞ்சது, நோய் புடிச்சது, அப்பறம் ஒண்ணோட ஒண்ணு உரசற கிளை, உள்பக்கமா போற கிளை, அப்பறம் தண்டுலருந்து நேரா விறுவிறுன்னு மேல போற நீர்ப்போத்து. ஒட்டு மரமா இருந்தா ஒட்டுக்கு கீழ இருந்து வர்ற துளிரை ஒண்ணு விடாம எடுத்துடணும், அது வேற மரம், அதை விட்டா நம்ம மரத்தை அது முழுங்கிடும். இவ்ளோ எடுத்தாலே பெரும்பாலும் மூணுல ஒரு பங்கு வந்துடும். பூ, பிஞ்சு, காய் எது இருந்தாலும் கிள்ளிடுங்க, மனசு வராது, ஆனா கிள்ளணும். இதெல்லாம் பேக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி முடிச்சா வெட்டு வாய் காஞ்சிருக்கும்.

பேக்கற நாள்

ரெண்டு நாள் முன்னாடி மரத்துக்கு நிறைய தண்ணி விடுங்க, மண்ணு புட்டு மாதிரி இறுகி நிக்கும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர மணல்ல இது ரொம்ப முக்கியம், காஞ்ச மணல் வேரை விட்டு பொலபொலன்னு கொட்டிடும். தண்டுல தெற்குப் பக்கம் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்கங்க, புது இடத்துலயும் அந்த கோடு தெற்கு பாத்து நிக்கணும், இத்தனை வருஷமா நிழல்ல இருந்த பட்டை திடீர்னு மேற்கு வெயில்ல நின்னா வெடிக்கும். புது குழிய முதல் நாளே தோண்டி தயாரா வெச்சுடுங்க, அகலம் மண்கட்டி மாதிரி ரெண்டு மடங்கு, ஆழம் மண்கட்டி அளவுதான், ஒரு இன்ச் கூட அதிகம் வேணாம்.

வேலைய வெயில் தாழ்ந்து மூணரை மணிக்கு மேல ஆரம்பிங்க. முன்னாடி வெட்டின கோட்டுக்கு நாலு இன்ச் வெளிய தள்ளி தோண்டணும், ஏன்னா புது வேரு அந்த நாலு இன்ச்சுலதான் இருக்கு, பழைய கோட்டுலயே தோண்டினா மூணு மாசம் வளத்ததை நாமளே அறுத்த மாதிரி ஆகும். சுத்தி எறங்கினதும் அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குறுக்கி, கடைசியா கடப்பாரைய அடியில விட்டு கீழ போற வேர அறுக்கணும். மண்கட்டிய நனைச்ச கோணிச்சாக்கால சுத்தி சணல் கயித்துல குறுக்கும் நெடுக்குமா இறுக்கிக் கட்டுங்க. பிளாஸ்டிக் சாக்கு வேணாம், கோணின்னா அப்படியே மண்ணுல மக்கிடும்.

தூக்கும்போது தண்டுல சங்கிலி போட்டு தூக்கக்கூடாது. இதை டிரைவர்கிட்ட முன்னாடியே, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. 500 கிலோ எடை தண்டுல தொங்கினா பட்டை கட்டையிலருந்து கழண்டு வந்துடும், வெளிய தெரியாது, ஆனா மரம் முடிஞ்சுது. அகலமான நைலான் பெல்ட்ட மண்கட்டிக்கு அடியில விட்டு ரெண்டு பக்கமும் எடுத்து தூக்கணும், தண்டுல ஒரு ஆள் கயிறு புடிச்சு சாயாம பாத்துக்கிட்டா போதும். நாங்க ஜேசிபியால தூக்கி குட்டியானை வண்டியில வைக்கோல் மெத்தை போட்டு எறக்கினோம், கிளைகளை பழைய புடவையால சேத்துக் கட்டி மேல பச்சை வலை போத்தினோம். வண்டி ஓடும்போது அடிக்கற காத்து இலைய ஒரு மணி நேரத்துல காய வெச்சுடும்.

குழியில எறக்கினதும் ஒரு நேரான கம்பை குழி மேல குறுக்க வெச்சுப் பாருங்க. தண்டு அடியில விரிஞ்சு வேரா மாற ஆரம்பிக்கற இடம் தரை மட்டத்துல இருக்கணும், செம்மண்ணு மணல்னா ஒரு இன்ச் மேல இருக்கட்டும், அமுங்கி சரியாயிடும், களிமண்ணுன்னா மூணு நாலு இன்ச் மேல வெச்சு சுத்தி மேடு கட்டுங்க. ஆழமா வெச்சா கெட்டியா நிக்கும்னு நெனைக்கறது தப்பு, தண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சா பட்டை அழுகும். எடுத்த மண்ணையே திரும்ப போடுங்க. செம்மண்ணுல கரையான் தொல்லை அதிகம், அதனால ஒரு ரெண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்துக்கிட்டோம். டிஏபி, யூரியா, பச்சை சாணி எதுவும் குழியில போடாதீங்க, அறுபட்ட வேருக்கு அது எரிச்சல்தான். பாதி மண்ணு போட்டதும் தண்ணி விட்டு, அது எறங்கினதும் மீதி மண்ணு. காலால மிதிச்சு இறுக்காதீங்க, தண்ணியே காத்து இல்லாம இறுக்கிக் குடுக்கும்.

முட்டுக்கு நம்ம பக்கம் சவுக்குக் கட்டைக்கு பஞ்சமே இல்ல. மூணு பக்கம் மூணு சவுக்கு, மண்கட்டிக்கு வெளிய அடிச்சு, கயிறு தண்டுல படற இடத்துல பழைய சைக்கிள் டியூப் சுத்திக் கட்டுங்க. கல்லு மாதிரி இறுக்கக்கூடாது, மேல லேசா ஆடணும், அடியில மண்கட்டி மட்டும் அசையக்கூடாது, அது அசைஞ்சா புது நூல் வேரு தினம் தினம் அறுந்துட்டே இருக்கும். தண்டுக்கும் மேல் கிளைக்கும் சுண்ணாம்பு அடிச்சுடுங்க, வெயில் அடிக்காது. மண்ணு மேல கரும்பு சோகை நாலு இன்ச் மூடாக்கு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டற நாள்ல கேட்டா குடுப்பாங்க, இல்லைன்னா சவுக்கு இலை, வைக்கோல் எதுவும் ஓகே. தண்டை சுத்தி அரை அடி மட்டும் மூடாம விட்டுடணும்.

தண்ணி எவ்ளோன்னா, எங்க மரத்துக்கு முதல் வாரம் தினம் ரெண்டு 20 லிட்டர் கேன், அடியில ஆணியால ஓட்டை போட்டு தண்டுகிட்ட வெச்சுட்டோம், மெதுவா எறங்கும். தண்ணி விழ வேண்டியது பழைய மண்கட்டி மேலதான், சுத்தி இருக்கற புது மண்ணுல மட்டும் ஊத்தினா வேரு காஞ்சே கெடக்கும், மேல ஈரமா தெரியும். அடுத்த ஒரு மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்பறம் வாரம் ரெண்டு. மழை பெஞ்சா நிறுத்திடுங்க. ஒரு இரும்புக் கம்பிய ஒரு அடி சொருகி எடுத்துப் பாருங்க, ஈர மண்ணு ஒட்டிட்டு வந்தா அன்னைக்கு தண்ணி வேணாம். கடலோரம் போர் தண்ணி உப்பா இருந்தா எலுமிச்சைக்கு ஆகவே ஆகாது, இலை ஓரம் கருகும், சப்போட்டா தாங்கும், கொய்யா நடுத்தரம்.

இலை கொட்டும். பயப்படாதீங்க, பச்சை இலை பழுத்து கொட்டினா மரம் தன்னை சரி பண்ணிக்குதுன்னு அர்த்தம், காஞ்சு சருகாகி கிளையிலயே ஒட்டிட்டு நின்னாதான் கவலை. எங்க கொய்யாவுல அஞ்சாவது வாரம் தண்டுல செவப்பா துளிர் வந்துச்சு. துளிர் வந்து ரெண்டு மாசம் ஆன பிறகுதான் மண்புழு உரம் ரெண்டு கூடை போட்டோம். முதல் வருஷம் வந்த பூவெல்லாம் கிள்ளிட்டோம்.

பேக்க வேண்டாத மரத்துக்கு கவாத்து

பல நேரம் மரத்தை பேக்கவே தேவையில்ல, கவாத்து பண்ணினா இடம் கெடைச்சுடும். அரியாங்குப்பத்துல சித்தி வீட்டு மா மரம் இருபத்தஞ்சு வயசு, பக்கத்து வீட்டு மாடிய தொட்டுட்டு நின்னுச்சு, வெட்டிடலாம்னு பேச்சு. மூணு வருஷமா பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பெரிய கிளைன்னு கொறைச்சுட்டு வர்றோம். ஒரே வருஷத்துல மொத்தமா மொட்டையடிச்சா தொடப்பம் மாதிரி போத்து கெளம்பும், அந்த போத்து கிளைக்கு அடியில புடிப்பே இருக்காது, அடுத்த புயலுக்கு அதுதான் முதல்ல பிஞ்சு விழும். 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் எத்தனை சாய்ஞ்சுதுன்னு பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. அடர்த்தியா குடை மாதிரி நிக்கற மரம் காத்தை மொத்தமா வாங்கும், நடுவுல கிளைய களைச்சு விட்டா காத்து உள்ள பூந்து போயிடும். ஐப்பசிக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் காஞ்ச கிளைய மட்டுமாவது எடுத்துடுங்க.

மாவுக்கு பெரிய கவாத்து காய் முடிஞ்ச உடனே, ஆனி ஆடிக்குள்ள. அது முத்தின கொப்பு நுனியிலதான் பூக்கும், ஐப்பசி கார்த்திகையில வெட்டினா தை மாசி பூ போச்சு. கொய்யா நேர்மாறு, புதுசா வர்ற துளிர்லதான் பூக்கும், அதனால வெட்ட வெட்ட காய்க்கும். பலா தண்டுலயும் பெரிய கிளையிலயும் காய்க்கறது, அறுவடை முடிஞ்சதும் பழைய காம்பு, தண்டுல உள்ள சின்னச் சின்ன கொப்பு எல்லாம் எடுத்து வெளிச்சம் உள்ள விட்டா போதும், பெரிய கிளையில கை வெக்க வேணாம். சப்போட்டாவுக்கு கவாத்தே பெருசா தேவையில்ல. எலுமிச்சைய மழை நாள்ல வெட்டாதீங்க, சொறி நோய் மழைத்துளியிலயே பரவும், வெட்டு வாய் அதுக்கு கதவு தெறந்து விட்ட மாதிரி. ஒரு மரம் முடிச்சு அடுத்த மரத்துக்கு போகும்போது கத்தரிய ஸ்பிரிட் போட்டு தொடைங்க.

கைத் தடிமனுக்கு மேல இருக்கற கிளைய ஒரே அறுப்புல அறுக்காதீங்க, பாரத்துல கீழ விழும்போது தண்டு பட்டையையும் உரிச்சுட்டு போகும். தண்டுலருந்து ஒரு அடி தள்ளி அடியிலருந்து மேல பாத்து கால் பங்கு அறுங்க, அதுக்கு ரெண்டு இன்ச் வெளிய மேலருந்து அறுத்து கிளைய எறக்குங்க, கடைசியா மிச்ச கட்டைய தனியா அறுங்க. கிளை தண்டுல சேர்ற இடத்துல கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுட்டு அதுக்கு வெளிய அறுக்கணும், அந்த வீக்கம்தான் காயத்தை மூடும். அரிவாளால கொத்தறத விட்டுடுங்க. மா மரம் வெட்டும்போது முழுக்கை சட்டை போடுங்க, பால் பட்டா தோல் வெந்துடும். கரண்டு கம்பிகிட்ட இருக்கற கிளைக்கு லைன்மேன் வந்து லைனை நிறுத்தாம ஏறவே கூடாது.

பெரிய வெட்டுக்கு பூஞ்சை புடிக்காம இருக்க போர்டோ பசை தடவலாம், வீட்டுலயே செய்யலாம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணியில, சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டர்ல, தனித்தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, ரெண்டும் ஆறின பிறகு ஒண்ணா கலந்து அன்னைக்கே தடவிடணும். இரும்பு, அலுமினிய பாத்திரம் கூடாது. மா, முந்திரி தண்டுல ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டியிருந்தா உள்ள தண்டு துளைப்பான் புழு இருக்கு, வளைச்ச கம்பிய விட்டு புழுவ எடுத்துட்டு அந்த ஓட்டையிலயும் இதே பசைய அப்பிடுங்க.

மாத்தி வெச்ச மரத்தோட முட்டுக் கயித்த ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இளக்கிக் கட்டுங்க, தண்டு பெருக்கும்போது கயிறு பட்டைக்குள்ள புதைஞ்சு மரத்தை அறுத்துடும். ஒரு வருஷம் ஆனதும் எடுத்துடலாம். நாங்க புரட்டாசியில வெச்சதால அடுத்த புரட்டாசியில எடுக்கல, புயல் காலம் முடியட்டும்னு தை வரைக்கும் விட்டு வெச்சு, பொங்கல் கழிச்சு மாமனாரே வந்து கயித்த அவுத்து சவுக்குக் கட்டைய பிடுங்கினாரு.